நடுங்கும் நாயும் ராஜபாளையத்து நாயும்

2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. முதோல், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு அதில் இடம்பிடித்த நான்காவது இனம் ராஜபாளையம். பால்வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் பேர்போன நாய். ஒரு வீட்டில் ராஜபாளையம் கட்டியிருக்கிறார்கள் என்று சொன்னாலே போதும், அந்த வீட்டு மதிலைப் பற்றி யாரும் மேற்கொண்டு யோசிக்க மாட்டார்கள். வீரத்துக்கு நாலு கால் வைத்துக் காட்டச் சொன்னால் தமிழ்நாட்டில் பலரும் இந்த வெள்ளை நாயைத்தான் காட்டுவார்கள். இந்தக் கட்டுரை காட்டப்போவது வேறொரு நாயை. அதற்கு மூக்கு கறுப்பு, உடம்புதான் இளஞ்சிவப்பு. கதவு தட்டும் ஓசைக்கே அலறும். பல் தந்தியடிக்கும், சில சமயம் கொட்டியே போகும். அமெரிக்காவின் கேன்சஸ் பொட்டல்வெளியில், 'எங்குமில்லை' என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் ஊரில், ஒரு கிழவியின் மடியில் ஒண்டிக்கொண்டு வாழ்கிறது. ஜான் டில்வொர்த் உருவாக்கி, 1999 முதல் 2002 வரை கார்ட்டூன் நெட்வொர்க்கில் 52 எபிசோடுகள் ஓடிய 'கரேஜ் தி கவர்ட்லி டாக்' தொடரின் நாயகன் அது. கரேஜ் என்றால் துணிவு. தொடரின் தலைப்போ அதைக் கோழை நாய் என்கிறது. கார்ட்டூன் நகைச்சுவைகளில் மிகப் பெரிய வீரர் யார் என்று பிள்ளைகள் நடத்தும் வழக்கில், தலைப்பிலேயே தோற்றுவிட்ட இந்த நாய்க்காக வாதாட இடமிருக்கிறது.

வழக்கு சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் அதில் ஓர் உண்மையான சிக்கல் இருக்கிறது. வீரத்தை நாம் அளக்கிற வழக்கமான படிக்கற்கள் எதுவும் கார்ட்டூனில் செல்லாது. 1940இல் தொடங்கிய டாமும் ஜெர்ரியும் அந்த உலகத்தின் சட்டத்தை எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டன: இஸ்திரிப்பெட்டி விழுந்து அப்பளமான பூனை அடுத்த நொடியே உடம்பை உதறிக்கொண்டு எழும். வெடி வெடித்தால் முகம் கரியாகும், அவ்வளவுதான். நம் புறப்பாடல்களில் மார்பில் புண்பட்டவனுக்குப் பெருமை வந்ததற்குக் காரணம், அந்தப் புண் ஆறாமலும் போகலாம் என்பது. ஆறாத புண்ணே இல்லாத உலகில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவன் எதைப் பணயம் வைக்கிறான்? ஆகவே எத்தனை பேரை அடித்தான், எத்தனை அடி வாங்கினான் என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. வரைபவர் அழித்துத் திரும்ப வரைந்துவிட முடிகிற உடம்பை விட்டுவிட்டு, அந்த உலகிலும் மெய்யாகவே வலிப்பது எது என்று பார்க்க வேண்டும். பயம் வலிக்கிறது. ஏளனம் வலிக்கிறது. நேசிப்பவரை இழந்துவிடுவோமோ என்ற கலக்கம் வலிக்கிறது. கார்ட்டூன் பாத்திரம் சாகாது. ஆனால் அது அஞ்சும்போது பார்க்கிற பிள்ளையும் அஞ்சுகிறது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் வீட்டுக் கூடங்களில் ஓடிய சில தொடர்களைப் பார்க்கலாம்.

முதலில் நிற்க வேண்டியவன் பீம். ஹைதராபாத்தில் ராஜீவ் சிலகாவின் கிரீன் கோல்ட் நிறுவனம் உருவாக்கி, 2008இல் போகோவில் தொடங்கிய 'சோட்டா பீம்', இந்தியப் பிள்ளைகளுக்கு வீரன் என்ற சொல்லின் பொருளாகவே ஆகிவிட்ட தொடர். டோலக்பூருக்கு ஆபத்து வரும், பீம் லட்டு தின்பான், ஆபத்து போகும். (ஸ்ரீவில்லிபுத்தூரில் யாராவது இதை எழுதியிருந்தால் அது பால்கோவாவாக இருந்திருக்கும், 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்ட நிலையில் அந்தப் பால்கோவாவுக்கு அசுரனை வீழ்த்தும் தகுதி உண்டு.) பீமிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்லவன், நியாயமானவன், நண்பர்களை விட்டுக்கொடுக்காதவன். ஆனால் அவன் பயந்து நாம் பார்த்ததில்லை. பலம் பிறவியிலேயே வந்தது, குறைந்தால் லட்டில் மீண்டும் வருகிறது, முடிவில் அரசர் இந்திரவர்மாவின் பாராட்டும் தவறாமல் கிடைக்கிறது. அஞ்சாதவன் முன்னேறுவதில் வியப்பில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் பாய்வது போல அது அவன் இயல்பு. அந்தக் கும்பலில் என் வாக்கு பீமைவிட ராஜுவுக்கு: நாலு வயதுக் குட்டிப் பயல், லட்டின் உதவி இல்லாமல், அசுரனின் முட்டி அளவுகூட உயரமில்லாமல், பீமுக்குப் பின்னால் ஓடி வருகிறான். 'மோட்டு பட்லு'வை விரைவாகக் கடந்துவிடலாம். அங்கே லட்டின் இடத்தில் சமோசா. வீரத்தைப் பற்றிப் பேசுகிறவர் இன்ஸ்பெக்டர் சிங்கம் ஒருவர்தான். இந்தி மூலத்தில் தென்னாட்டு உச்சரிப்போடு நம் சூப்பர் ஸ்டாரை நகலெடுக்கும் அந்தப் போலீஸ்காரரின் வீரம் வாய்க்கு வெளியே அதிகம் வருவதில்லை.

ஜாக்கிசான் விஷயம் அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. 2000 முதல் 2005 வரை அமெரிக்காவில் ஓடிய 'ஜாக்கிசான் அட்வெஞ்சர்ஸ்', 2007இல் வந்த சுட்டி டிவியின் தமிழ்க் குரல்களால் இங்கே ஒரு தலைமுறையின் சொந்தச் சொத்தானது. பன்னிரண்டு தாயத்துகள், சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பழம்பொருள் கடை, எல்லோரையும் அதட்டும் ஒரு பெரியவர், சொன்ன பேச்சைக் கேட்காத ஜேட். இதில் ஜாக்கி, பீமுக்கு நேர் மாறு. சண்டையை விரும்பாத அகழாய்வாளர். அடி கொடுத்த கையை உதறிக்கொண்டு வலியில் முனகுபவர். ஆபத்தில் அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கிறோம். ஆனாலும் அவருக்குக் கலை கைவந்திருக்கிறது; உடம்பில் ஊறிய பயிற்சி, மனம் பின்வாங்கும் நேரத்தில்கூட வேலை செய்துவிடுகிறது. ஜேடுக்கு ஆபத்து என்பது விளையாட்டுத் திடல், விட்டால் தானே தேடிப் போவாள். அந்தத் தொடரில் மெய்யாகவே எதையோ இழந்தவன் டோரு. இருண்ட கை கூட்டத்தின் அடியாளாகக் கதைக்குள் வந்து, பிறகு அணி மாறி, பெரியவரிடம் மந்திரம் கற்கும் சீடனாக முடியும் அந்த மலைபோன்ற மனிதன். தன் பிழைப்பையும் அடையாளத்தையும் விட்டுவிட்டு, நேற்றுவரை தான் அடித்துத் துரத்திய வீட்டிலேயே போய்ப் பணிந்து நிற்பதற்கு வேண்டிய துணிவு, சண்டைத் துணிவைவிடப் பெரிது. ஆனாலும் ஒரு கேள்வி இடறுகிறது. ஷெண்டு என்ற அந்த டிராகன் அரக்கன் தாயத்துகளை வாங்கிக்கொண்டு கூட்டத்தையே ஏமாற்றிய பிறகுதான் டோரு விலகுகிறான். பழைய முதலாளியின் கப்பல் மூழ்கத் தொடங்கிய பின் குதித்ததில், வீரத்தோடு விவேகமும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அவனை இரண்டாம் வரிசையில் மரியாதையோடு உட்கார வைக்கலாம்.

பயந்தாங்கொள்ளி நாய் என்றதும் ஸ்கூபி டூ நினைவுக்கு வருவது இயல்பு. 1969இல் தொடங்கிய அந்தத் தொடருக்கும் கரேஜின் கதைக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகள் இந்த வழக்கையே தீர்மானிக்கக்கூடியவை. ஸ்கூபியைப் பேய்க்கு முன்னால் அனுப்ப வேண்டுமென்றால் பிஸ்கட் காட்ட வேண்டும். ஒன்று போதாதென்றால் இரண்டு. கரேஜுக்கு யாரும் எதையும் நீட்டுவதில்லை. அடுத்தது, ஸ்கூபியின் பேய்கள் முகமூடி அணிந்த மனிதர்கள். கடைசியில் முகமூடி கழன்றதும் நிலத்தரகரோ கணக்காளரோ அசடு வழிய நிற்பார், பயம் வீண் என்று நிரூபணமாகும். கரேஜின் உலகில் பயமுறுத்த முகமூடி போடுகிறவர் ஒருவர்தான்: வீட்டுக்கார யூஸ்டஸ் கிழவர். நாயைப் பயமுறுத்துவதற்கென்றே ஒரு பச்சை முகமூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கிறார். மற்றபடி அங்கே வருகிற பேய் பேயேதான்.

அங்கே என்ன வருகிறது என்று தொல்காப்பியரைக் கேட்டுப் பட்டியலிடலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்கிறது. அச்சம் பிறப்பது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றால். அணங்கு: தன் கல்லறையிலிருந்து திருடப்பட்ட கற்பலகையைக் கேட்டு இரவில் வயல்வெளியில் வந்து நிற்கும் எகிப்திய மன்னன் ராம்சேஸின் ஆவி; பலகைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று யூஸ்டஸ் அதைத் தர மறுக்க, வீட்டுக்குள் வெள்ளம் ஏறுகிறது, வெட்டுக்கிளிக் கூட்டம் வருகிறது, பலகையைத் திருப்பித்தர ஓடுவது நாய். விலங்கு: கிழவி முரியலைச் சமைத்துவிடத் திட்டமிடும் நரி முதல் வேற்றுக்கிரகக் கோழி வரை, 1996இல் வெளியாகி ஆஸ்கர் பரிந்துரை வரை போன முதல் குறும்படமே அந்தக் கோழியோடு இந்த நாய் மோதிய கதைதான். கள்வர்: லெ குவாக் என்ற மோசடிக்கார வாத்து, விடுதி நடத்தி, தங்க வருகிறவர்களைச் சிலந்திகளுக்கு இரையாக்கும் கேட்ஸ் என்ற பூனை. அந்த விடுதியில் நாய்களுக்கு அனுமதி கிடையாது. கரேஜ் வெளியே விடப்படுகிறது; வெளியே இருப்பதுதான் அதற்குப் பாதுகாப்பும்கூட; இருந்தும் உள்ளே போகிறது. நான்காவதான தம் இறை, தன்னை ஆளுகின்றவரிடம் உள்ள அச்சம். அதற்கு யூஸ்டஸும் அவருடைய முகமூடியும். பழைய இலக்கணம் வகுத்த அச்சத்தின் நான்கு வாசல்களிலும் இந்த நாயை நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

இங்கே முதல் ஆட்சேபம் எழுகிறது, வலுவாகவே. அதே மெய்ப்பாட்டியலில் வீரத்துக்குரிய மெய்ப்பாடு பெருமிதம். அதன் நிலைக்களன்களில் ஒன்று தறுகண். அஞ்ச வேண்டியதைக் கண்டும் அஞ்சாமல் நிற்பதுதான் தறுகண்மை. கண் பிதுங்கி, உடம்பு ஐந்தாறு வடிவம் மாறி, ஊளையிட்டு ஓடும் ஒன்றைத் தறுகண் உடையது என்று எந்த உரையாசிரியரும் ஒப்ப மாட்டார். உண்மை, ஒப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் தொல்காப்பியர் பெருமிதத்துக்குச் சொன்ன காரணம் தறுகண் ஒன்று மட்டுமில்லை. கல்வி, புகழ்மை, கொடை என்று இன்னும் மூன்று இருக்கின்றன. கொடை என்பதைப் பொன்னும் பொருளும் கொடுப்பதோடு உரை மரபு நிறுத்திக்கொள்ளவில்லை. உயிரையும் உடம்பையும் கொடுப்பதும் அதில் அடங்கும். இப்படிப் பார்த்தால் வீரத்துக்குள் போக ஒன்றுக்கு மேற்பட்ட வழி உண்டு. ராஜபாளையம் நாய் தறுகண் வழியாகப் போகிறது. தலைமுறை தலைமுறையாக வேட்டைக்கென்று தேர்ந்து வளர்த்த இரத்தம் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கரேஜ் கொடையின் வழியாகப் போகிறது, முழு நடுக்கத்தோடு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதை அறிவு என்று வள்ளுவரே சொல்லிவிட்டதால், சிலந்தி விடுதியைக் கண்டு நடுங்கும் நாயைவிட, உள்ளே உல்லாசமாகக் குளித்துக்கொண்டிருக்கும் முரியலின் நிலைமைதான் அறிவு பற்றிய கவலையைத் தருகிறது.

இரண்டாவது ஆட்சேபம் கலை சார்ந்தது: இது நகைச்சுவையே அல்ல, பிள்ளைகளுக்கான திகில் தொடர்; ஆகவே போட்டியில் சேராது. இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எள்ளல், இளமை, பேதைமை, மடமை என்று நகைக்குச் சொன்ன காரணங்கள் அனைத்தும் இந்தத் தொடரில் நிரம்பியிருக்கின்றன. நாய் தன் பயத்தை வாய்பேசாமல் முரியலுக்கு நடித்துக்காட்டும் காட்சிகள் நம் தெருக்கூத்துக் கட்டியங்காரனுக்குப் பொறாமை தரக்கூடியவை. பேயாகவே மாறிக் காட்டும், விமானமாக மாறிக் காட்டும். முரியல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பசிக்கிறதா என்று கேட்பாள்.

இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பதினொரு நிலைக் கோபுரத்தின் நிழலில் நந்தவனம் வைத்து மாலை கட்டிய விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வார், நகைச்சுவையும் வீரமும் ஒரே உடம்பில் இருப்பதைத் தமிழில் மிக விரிவாகப் பாடியவர். அவருடைய கண்ணன் வெண்ணெய் திருடுவான், அண்டை வீட்டார் புகார் சொல்ல வருவார்கள், அதே மூச்சில் பேய்ச்சியின் உயிரைக் குடித்ததும் சகடத்தை உதைத்ததும் வரும். மற்றவர்களை மிரட்ட அப்பூச்சி காட்டி விளையாடும் கண்ணனுக்கென்றே ஒரு பதிகம் இருக்கிறது. சோட்டா பீமை நம் பிள்ளைகள் உடனே தம்மவனாக எடுத்துக்கொண்டதன் வேர் இந்த மரபில் இருக்கிறது என்று நினைக்கிறேன். தின்பண்டத்தில் ஆசை, குறும்பு, உள்ளே ஒளிந்திருக்கும் அளவில்லாத பலம். கிரீன் கோல்ட் நிறுவனமே பீமையும் கிருஷ்ணனையும் சேர்த்துப் படங்கள் எடுத்தது தற்செயல் அல்ல. அப்படியானால் ஸ்ரீவில்லிபுத்தூரின் சாட்சியம் பீமுக்குச் சாதகமாகத்தானே போகும்?

போகாது. கண்ணனின் வீரத்தைப் பாடிய அவரே அந்தக் கண்ணனுக்காகப் பயந்தவரும்கூட. குருபரம்பரைக் கதை இது: பாண்டியன் வல்லபதேவன் சபையில் வாதம் வென்று, பொற்கிழி பெற்று, மதுரை வீதியில் யானைமேல் பவனி வருகிறார் விஷ்ணுசித்தர். அதைக் காணக் கருடன்மேல் பெருமாளே வந்து நிற்கிறார். வேறு எந்தப் பக்தனும் வரம் கேட்டிருப்பான். இவருக்கோ பகீரென்றது. இத்தனை பேர் பார்க்க இப்படி வந்து நிற்கிறாரே, கண் பட்டுவிட்டால் என்ன ஆவது? யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு, எல்லாம் வல்லவனுக்கு ஒரு குறையும் வரக் கூடாது என்று வாழ்த்துப் பாடினார். 12 பாசுரங்கள் கொண்ட திருப்பல்லாண்டு அப்படிப் பிறந்தது என்கிறது மரபு. எலும்பும் தோலுமான மனிதன், உலகையே அளந்தவனைக் காப்பாற்றப் பதறுவது, வெளியிலிருந்து பார்த்தால் சிரிப்புக்குரிய காட்சிதான். வைணவ உரையாசிரியர்கள் சிரிக்கவில்லை. அந்தப் பதற்றத்துக்குப் பரிவு என்று பெயர் வைத்தார்கள். மற்ற ஆழ்வார்கள் யாருக்கும் இல்லாத 'பெரிய' என்ற அடைமொழி விஷ்ணுசித்தருக்கு வந்ததற்கே அந்தப் பரிவுதான் காரணம் என்றார் மணவாள மாமுனிகள். தனக்காக அஞ்சுவதையும் பிறருக்காக அஞ்சுவதையும் இதைவிடக் கூர்மையாகப் பிரித்துப் பார்த்த சிந்தனையை நான் அறியேன். முதலாவது ஆளைச் சுருக்குகிறது. இரண்டாவது, வலிமையில் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ஒன்றைக்கூடத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளச் செய்கிறது.

கரேஜின் அச்சம் இந்த இரண்டாம் வகை. எபிசோடின் தொடக்கத்தில் அது தனக்காகவே அலறுகிறது; அதை மறைக்க வேண்டாம். ஆனால் முரியல் ஆபத்தில் இருக்கிறாள் என்று தெரிந்த நொடியில் அதே அலறல் திசை மாறுகிறது. பயம் குறைந்துவிடுவதில்லை, கூடவே செய்கிறது. நேசத்துக்காக என்னவெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது என்ற பொருளில் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு, ஓடிவந்த வழியே திரும்பி நடக்கிறது. அந்தத் திரும்புதல்தான் இந்த வழக்கில் என் முதன்மைச் சான்று. பீமின் வாழ்க்கையில் அப்படி ஒரு திரும்பும் நொடி கிடையாது, ஏனென்றால் அவன் ஓடியதே கிடையாது. ஸ்கூபிக்கு அந்த நொடியில் பிஸ்கட் வருகிறது. கரேஜ் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயந்து, புதிதாகத் திரும்புகிறது. 52 எபிசோடுகள் முடிந்த பிறகும் அதற்குப் பயம் தெளிந்துவிடவில்லை, பழகிப்போய்விடவுமில்லை. குரைக்கிற நாய் கடிக்காது என்ற பழமொழி இந்த நாய்க்கு அப்படியே பொருந்தும். அது யாரையும் கடித்து வென்றதாகச் சொல்ல முடியாது. கேட்ஸ் பூனையின் விடுதியில் மோதல் ஒரு பந்தாட்டமாகவே நடக்கிறது. மாறுவேடம், கெஞ்சல், மாடியறையிலிருந்து நக்கலடிக்கும் கணினியிடம் யோசனை கேட்பது, இவைதான் அதன் ஆயுதங்கள்.

இதெல்லாம் வெறும் நன்றி, நாய்க்குப் பிறவிக்குணம், வீரம் என்று பெயர் சூட்டுவது மிகை என்பார்கள். கைவிடப்பட்ட குட்டியை முரியல் எடுத்து வளர்த்தாள். செஞ்சோற்றுக்கடன் கழிக்கிறது, அவ்வளவுதானே? மூன்று ஆட்சேபங்களில் இதுவே என்னை அதிகம் யோசிக்க வைப்பது. முரியலைக் காப்பாற்றும் கதைகளை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் 'முகமூடி' என்ற எபிசோடில் இருக்கிறது. வெள்ளை முகமூடி அணிந்த கிட்டி என்ற பூனை வீட்டுக்கு வருகிறது. நாய்கள் அனைத்துமே கொடியவை என்பது அதன் முடிவு. கரேஜை அடித்துத் துன்புறுத்துகிறது. காரணம், அதன் உயிர்த்தோழியான பன்னி என்ற முயல், மேட் டாக் என்ற ரவுடி நாயின் பிடியில் நகரத்தில் கிடக்கிறது. கரேஜ் நகரத்துக்குப் போய், அந்த ரவுடியின் இடத்துக்குள் நுழைந்து, முயலை மீட்டு வருகிறது. தன்னை அடித்தவளுக்காக, தான் முன்பின் பார்த்திராத ஒருத்தியை. அங்கே சோறும் இல்லை, கடனும் இல்லை. சிறுவர் தொடர் என்ற போர்வைக்குள், வன்முறையில் சிக்கிய பெண்ணைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிய கார்ட்டூன் அந்தக் காலத்தில் அரிது. இந்த ஓர் எபிசோடு போதும், நன்றி என்ற விளக்கம் முழுமையானதல்ல என்று காட்டுவதற்கு.

யூஸ்டஸ் விஷயத்தில் மட்டும் வாதி தரப்பு கொஞ்சம் தலைகுனிய வேண்டியிருக்கிறது. கிழவரைக் கரேஜ் சில சமயம் காப்பாற்றுகிறது, பல சமயம் அவர் பாட்டை அவர் படட்டும் என்று விட்டுவிடுகிறது. ராம்சேஸ் கதையின் முடிவில் அவர் கற்பலகைக்குள்ளேயே போய்ச் சேருகிறார். பரிவுக்கும் எல்லை உண்டு போலும். இதைக் குறையாக எண்ணுகிறவர்கள் எண்ணலாம். எல்லையில்லாத நல்லவனாக இருந்திருந்தால் கரேஜும் பீமின் பக்கத்தில் போய் நின்றிருக்கும், நமக்கு இவ்வளவு அருகில் இருந்திருக்காது.

பெருமிதத்தின் நான்கில் புகழ்மை ஒன்று என்றோமே, அது இந்த நாய்க்குச் சுத்தமாக இல்லை. தான் காப்பாற்றப்பட்டதே முரியலுக்குப் பெரும்பாலும் தெரியாது. யூஸ்டஸ் திட்டுவார். சாட்சி இல்லாத வீரம் வீரமாகுமா? தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விசித்திரமான முன்மாதிரி உண்டு. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில், ஏழாம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், விழுந்துபட்ட வீரனோடு அவனுடைய நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்வரைக் கடித்து அது காத்து நின்றதைக் கல்வெட்டு பதிவுசெய்கிறது. நாயின் பெயரும் அதில் உண்டு. வீரன் இறந்துவிட்டான், நாய் நின்றதை அவன் அறியப்போவதில்லை. ஊரார் பார்த்தார்கள், கல் நட்டார்கள். அதாவது காவல் முதலில், புகழ் பிறகு, அதுவும் பார்த்தவர்கள் இருந்ததால். அந்த நாய் அன்று நடுங்கியதா என்று ஊரார் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. கேன்சஸ் பொட்டலில் ஊராரே இல்லை. தொலைக்காட்சிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் ஊரார்.

போட்டியில் கடைசிவரை கரேஜை நெருங்கி வருகிறவன் ஒருவன் இருக்கிறான். 'டோரேமான்' தொடரில், தமிழ்க் குரலிலும் அழுதுகொண்டேயிருந்த நொபிதா. எதிர்காலத்திலிருந்து வந்த ரோபோ பூனையான டோரேமானின் பையிலிருந்து வரும் கருவி இல்லாமல் ஒரு வேலையும் செய்யாத சோம்பேறி, முரடன் ஜியானைக் கண்டாலே பதுங்குபவன். ஆனால் டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டிய கட்டம் ஒன்று வருகிறது, ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1970களில் வரைந்த கதை, 2014 திரைப்படத்திலும் இடம்பெற்றது. தான் இல்லாமல் இவன் எப்படிப் பிழைப்பான் என்று அது கவலைப்படக் கூடாது என்பதற்காக, நொபிதா ஓர் இரவில் தன்னந்தனியாக ஜியானோடு மோதுகிறான். அடிமேல் அடி. விழுந்து எழுந்து மறுபடியும் காலைப் பிடிக்கிறான். அடித்துச் சலித்துப்போய் ஜியானே தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை விடவில்லை. எந்தக் கருவியும் இல்லை, பயமும் போகவில்லை, தனக்காகவும் இல்லை. இதுவும் அசல் பரிவுதான். அந்த ஒற்றை இரவை மட்டும் தராசில் வைத்தால் கரேஜின் எந்த எபிசோடும் அதைவிடக் கனமில்லை என்று வாதிடுவோருடன் நான் சண்டைக்குப் போக மாட்டேன். என் தீர்ப்பு சாய்வது அடுத்த நாளைப் பார்த்து. டோரேமான் திரும்பி வந்துவிடுகிறது, நொபிதாவும் பழையபடி கருவி கேட்கத் தொடங்குகிறான். அவனுக்கு வீரம் ஒரு முறை வேண்டியிருந்தது, இருந்தது.

கரேஜுக்கு விடுமுறை கிடையாது. வேற்றுக்கிரகக் கோழியையும் ராம்சேஸின் ஆவியையும் சிலந்தி விடுதியையும் கடந்து வீடு திரும்பி, முரியலின் ஆடும் நாற்காலியடியில் சுருண்டு படுத்து, அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். யூஸ்டஸ் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மெல்ல அந்தப் பச்சை முகமூடியை எடுத்து மாட்டுவார். எத்தனை நூறு முறை பார்த்த முகமூடி. நாய் கூரை முட்டத் துள்ளும்.